இரண்டு வலஞ்சுழி எஞ்சின்கள்

எலி செத்துக் கிடக்கிறது. இன்னும் கண்ணில் படவில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் எஞ்சின் ரூமில் மூச்சு விட்ட மூக்கு இது, டீசல் நாற்றத்துக்கு அடியில், உப்புத் தண்ணீரில் ஊறிய மர நாற்றத்துக்கு அடியில், அது எங்கே கிடக்கிறது என்பதுவரை சொல்லிவிடும். இடதுபக்கம், பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த மேடைக்குக் கீழே, படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கிற கறுப்புத் தண்ணீரில். பழைய எஞ்சின்கள் இரண்டையும் போன வாரமே கிரேன் வைத்துத் தூக்கி எடுத்தாயிற்று. இறுகிப்போய், துருவைத் தவிர உள்ளே வேறொன்றும் இல்லாமல், பழைய இரும்புக்குப் போயின. இப்போது இந்த அறையில் இரண்டு வெற்று மேடைகள், நடுவில் நான், காலுக்குக் கீழே இந்தச் சாக்கடை. தலைக்கு மேலே, திறந்த மூடிக்கு அந்தப் பக்கம், படகின் சொந்தக்காரர் பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி மட்டன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எலும்பைத் தட்டுகிறார், உறிஞ்சுகிறார், மறுபடி தட்டுகிறார். எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ. மீன் தூள் ஆலை நடத்துகிறவருக்கு நாற்றம் என்று தனியாக ஒன்று கிடையாது போலிருக்கிறது. "நான் சாப்பிட்டு எந்திரிக்கதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க சீஃபு. கொச்சிக்காரன் எஞ்சினா, வின்சென்ட்டு எஞ்சினா. இன்னைக்கு நாள் நல்லா இருக்கு, தள்ளிப் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு இலையை விரித்தார். கப்பல் வேலையை விட்டு இத்தனை காலம் ஆகியும் தூத்துக்குடி முழுக்க எனக்கு சீஃப் என்றுதான் பெயர். கஸ்பார் மச்சாது என்று ஒருவன் இருப்பது கோயில் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். சீஃப் இன்ஜினீயர் கைகாட்டினால் சரியாக இருக்கும் என்றுதான் என்னை இங்கே கூட்டி வந்தார். கீழே இறங்கி இடத்தைப் பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று ஏணியில் இறங்கினேன். யோசிக்க என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம்.

இந்தப் படகைப் பற்றி ஒரு சின்னப் பிள்ளைகூட முடிவு சொல்லிவிடும். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் பெண்டாட்டியோடு தீவு தீவாக நிதானமாகச் சுற்றுவதற்குக் கட்டியது. தேக்கு மரம், அகலமான வயிறு, கனத்த அடிப்பாகம். நடப்பதற்குப் பிறந்தது, ஓடுவதற்கு இல்லை. எவ்வளவு பெரிய எஞ்சினை வைத்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாது, பின்பக்கத்தைத் தண்ணீரில் குத்திக்கொண்டு, முன்னால் அலையை உருட்டிக்கொண்டு, டீசலைக் குடித்துக் கரும்புகை கக்கிக்கொண்டு கிடக்கும். சின்ன எஞ்சின் போதும். ஒன்று வலப்பக்கம் சுற்றுவது, இன்னொன்று இடப்பக்கம் சுற்றுவது, அப்படி ஒரு ஜோடி. இரண்டு புரொப்பல்லரும் எதிரெதிராகச் சுற்றினால்தான் ஒன்று இழுக்கிற கோணலை மற்றது சரிக்கட்டும், துறையில் அணைக்கும்போது படகு சொன்ன பேச்சு கேட்கும். அப்படி ஒரு புது ஜோடியைக் கொச்சியில் பேசி வைத்தது நான்தான். படத்தைப் பார்த்ததுமே அண்ணாச்சி மூக்கைச் சுளித்தார். "என்ன சீஃபு, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுத பம்புசெட்டு மாதிரில்லா இருக்கு. வெள்ளை பெயிண்டு வேற." அவருக்கு வேண்டியது குதிரைத்திறன். சென்னையில் எவனோ ஒரு பில்டர் படகு வைத்திருக்கிறானாம், அவன் படகில் எத்தனை குதிரையோ அதைவிட ஒரு குதிரையாவது இவர் படகில் கூடுதலாக இருக்க வேண்டும். குதிரையை வைத்து என்ன செய்யப்போகிறார், பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முயல் தீவுவரை போய் கேக் வெட்டப்போகிறார். கனகவல்லி என்று தன் அம்மா பெயரைப் பெரிசாக எழுதியிருக்கிறார், அடியில் பழைய வெள்ளைக்காரப் பெயர் பெயிண்டைத் தாண்டிப் பல்லிளிக்கிறது. அதைச் சுரண்டித் துடைக்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை, மேலே அப்பிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அப்பிவிடுவதுதான் இங்கே வேலையாக இருக்கிறது. பெயருக்கு மேலே பெயிண்டு, அழுகிய பலகைக்கு மேலே பெயிண்டு, வெளியே தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிற அந்த இரண்டு பச்சைப் பிசாசுகளுக்கு மேலேயும் பெயிண்டு.

பச்சைப் பிசாசுகளைக் கொண்டுவந்து இறக்கியது வின்சென்ட் கொரைரா. உடைக்கிற படகுகளிலிருந்து எஞ்சின்களை வாங்கி, பிரித்துக் கழுவிப் பூட்டி, புதுசு போல விற்கிறவர். அவருடைய மகன் ஆன்சனுக்குத்தான் என் மகள் ஜெனோவாவைக் கொடுக்கிறேன். போன ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் வாசித்தபோது ஜெனோவா தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள், கொரைரா இரண்டு வரிசைக்கு முன்னாலிருந்து திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு, எதையும் விற்றுவிடுகிற சிரிப்பு. இந்த எஞ்சின்கள் இரண்டும் ஒற்றை எஞ்சின் போட்ட இரண்டு வேறு வேறு படகுகளில் கிடந்தவை, அதனால் இரண்டும் ஒரே பக்கம்தான் சுற்றும். வேறொருவன் இதை மறைத்திருப்பான். கொரைரா இதையே தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். "அண்ணாச்சி, ரெண்டுமே வலஞ்சுழி. உங்க பூசை ரூம்ல இருக்க வலம்புரிச் சங்கு மாதிரி. கொச்சிக்காரன் குடுக்கதுல ஒண்ணு இடஞ்சுழி, பாத்துக்கிடுங்க." அவ்வளவுதான். சங்கு எடுக்கிற ஊரில் பிறந்தவனிடம் வலம்புரி என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். அண்ணாச்சி வீட்டில் வெள்ளித் தாங்கியில் ஒரு வலம்புரி இருக்கிறது, வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிறார்கள். இடஞ்சுழி என்ற சொல்லைக் கேட்டதும் படகில் பிணத்தை ஏற்றச் சொன்னதுபோல அவர் முகம் போயிற்று. இன்று காலையில் கொரைரா எஞ்சின் தண்டில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, ஹோஸில் தண்ணீர் கொடுத்து, அண்ணாச்சியைத் தோளைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து காட்டினார். ரிப்பன் வலப்பக்கமாகச் சுற்றியது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். எனக்குக் குமட்டியது. டீசல் எஞ்சினைப் பார்த்துக் கும்பிட்டதால் இல்லை, நானும் கப்பலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன், கும்பிடுகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்ற கொரைராவின் முகத்தால்.

அந்தப் புகை அடங்குவதற்குள் நான் பழக்கதோஷத்தில் எஞ்சினைத் தடவிக்கொண்டே போனேன். மாட்டை வாங்குகிறவன் தடவுவதுபோலத்தான், கை தானாகப் போகும். மூன்றாவது சிலிண்டர் பக்கம் கட்டைவிரல் நகம் உள்ளே இறங்கியது. இரும்பில் நகம் இறங்காது. பச்சைக்கு அடியில் சாம்பல் நிறம், வீட்டுச் சுவரில் விரிசலுக்குப் பூசுகிறோமே, அதுபோல பட்டி. நகத்தை அப்படியே ஓட்டினேன், ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது. பிளாக்கில் விரிசல். உள்ளே தண்ணீர் சுற்றுகிற இடம். கரையில் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டினால் தாங்கும், கடலில் பாரத்தோடு சில மணி நேரம் போனால் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும், ஆயில் டீ மாதிரி ஆகும், அப்புறம் நின்றுவிடும். நான் நிமிர்ந்தபோது கொரைரா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி, விருந்துக்கு மட்டனா கோழியா? சாயந்திரத்துக்குள்ள சமையல்காரனுக்குச் சொல்லணும். செலவு எங்களுது, விருப்பம் பொண்ணு வீட்டுது" என்றார். அந்த நேரம் பார்த்தா கேட்பான் ஒரு மனுசன். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா. வாங்கினபோதே விரிசல் இருந்து, விற்றவன் பட்டி போட்டு இவரை ஏமாற்றியிருக்கலாம். இருக்கலாம். எஞ்சினைக் கடைசி போல்ட்டுவரை பிரித்துக் கழுவுகிறவருக்கு ஒரு சாண் விரிசல் தெரியாமல் போயிருக்கலாம். என்னையே நான் எப்படிப் பட்டி போட்டு மெழுகுகிறேன் பார். நகத்துக்குள் அது இன்னும் இருக்கிறது, பச்சையும் சாம்பலுமாக. மோந்து பார்த்தால் மலிவு பெயிண்டு நாற்றம்.

எஞ்சின் நிற்கிற சத்தம் என்று ஒன்று உண்டு. கப்பலில் இருந்தவனுக்குத்தான் தெரியும். ஓடுகிறவரை எவனுக்கும் கேட்காது, அந்த இரைச்சலில்தான் தூங்குவார்கள், சாப்பிடுவார்கள், ஜெபமாலை சொல்வார்கள். நின்ற உடனே தூங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் விழித்துவிடுவார்கள். யாரும் எழுப்ப வேண்டாம். ஒருமுறை வங்காள விரிகுடாவில் அப்படி விழித்தேன். படுக்கையிலிருந்து இறங்கிக் கால் வைத்த இடத்தில் தரை அதிரவில்லை, அந்த அதிராத தரைதான் இன்றுவரை என் கனவில் வருகிறது. அலை குறுக்கே திருப்பிப் போட, கப்பல் பக்கவாட்டில் உருள, ஆள் ஆளுக்கு மற்றவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அது பெரிய கப்பல், பிழைத்தோம். இந்தப் படகில் அண்ணாச்சியின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு, வாயெல்லாம் கேக் க்ரீமாக. மேலே போய் விரிசல் என்ற ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அண்ணாச்சி இந்தப் படகு யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். சாயந்திரத்துக்குள் கொரைரா பெயர் கடற்கரைச் சாலை முழுக்க நாறும். சொன்னது யார், சம்பந்தி. அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்க மாட்டார்கள்.

ஜெனோவா மறுபடி பாட ஆரம்பித்திருக்கிறாள். கோயில் பாடற்குழுவில் இருந்தவள், முதல் சம்பந்தம் கறுப்பு என்று சொல்லிப் போனபோதும் பாடினாள், இரண்டாவது சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து காரணமே சொல்லாமல் போன பிறகு நிறுத்திவிட்டாள். இப்போது குளிக்கும்போது பாடுகிறாள், எங்களுக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுப் பாடுகிறாள். அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்கிறாள். ஆன்சன் நல்ல பையன், வீட்டுக்கு வந்தபோது டீ குடித்த கிளாஸை யாரும் சொல்லாமல் தானே கழுவி வைத்தான். அப்பன் வியாபாரத்தில் அவனுக்குச் சேர்மானம் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வீட்டுச் சோறு இந்தப் பட்டி போட்ட இரும்பிலிருந்துதானே வருகிறது, அதைத்தானே என் பிள்ளையும் சாப்பிடப்போகிறாள், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையால்தானே கொரைரா பூசையில் வாசகம் வாசிக்கப் புத்தகத்தைத் திறக்கிறார். சீ. இதையெல்லாம் எடைபோட்டுக்கொண்டிருக்கிற நான் மட்டும் யாராம். ஒரு தட்டில் மகள் பாட்டு, இன்னொரு தட்டில் ஊரான் பிள்ளைகள், தராசைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் நிற்கிற பெரிய மனுசன். கொச்சி எஞ்சின்தான் நல்லது என்று மட்டும் சொன்னால் என்ன? ஏன் என்பார். நடக்கிற படகுக்குச் சின்ன எஞ்சின் என்றால் பம்புசெட்டு என்பார். எதிரெதிராகச் சுற்றுவதுதான் சரி என்றால் இடஞ்சுழி என்பார். விரிசலைத் தவிர எதைச் சொன்னாலும் வந்த இடத்துக்கே வந்து நிற்கிறது, விரிசலைச் சொன்னால் குழாய்ச் சத்தத்துக்குள் அந்தப் பாட்டு நின்றுவிடும்.

அண்ணாச்சி மேலே ஏப்பம் விட்டார். அந்த ஏப்பம் இறங்கி வந்து எலியோடு கலந்தது. மட்டன் வாசனையும் செத்த வாசனையும் ஒன்றாகிவிட்டது, இனி ஜென்மத்துக்கும் மட்டனைத் தொட முடியாது என்று தோன்றியது. அப்போதுதான் எலியைப் பார்த்தேன். மேடை விளிம்புக்கு அடியில், ஊதி, மயிர் உதிர்ந்து, வயிறு மேலாக. ஒரு ஸ்பானரை எடுத்து வெளியே தள்ளினேன். அது வரவில்லை, இருந்த இடத்திலேயே மெதுவாகச் சுற்றியது. வலப்பக்கமாக. வலஞ்சுழி எலி, அண்ணாச்சி பார்த்தால் கும்பிடுவார். தண்ணீருக்கு அடியிலிருந்து ஒருவன் பார்த்தால் இதே எலி இடப்பக்கம் சுற்றும். நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். காலையில் கொரைரா ஏன் அண்ணாச்சியைத் தோளைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார் என்று இப்போதுதான் புரிந்தது. எஞ்சின் ரூமில் நரைத்தவன் நான், விரிசலைப் பற்றி வாய் திறக்கத் தைரியமில்லாமல், செத்த எலியிடமிருந்து பதிலை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

அண்ணாச்சி கை கழுவவில்லை, விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார். கொரைரா எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், பல் குத்திக்கொண்டு.

"அண்ணாச்சி, படகுல நீங்க எங்க உக்காருவீங்க?" என்று கேட்டேன்.

"நானா? முன்னால, ஸ்டீயரிங் பக்கத்துல. ஏன்?"

"காலைல ரிப்பன் சுத்தும்போது எங்க நின்னீங்க?"

"பின்னால. வின்சென்ட்டுதான் அங்க நில்லுங்கன்னாரு."

"கீழ படுத்துப் பாக்கும்போது வலப்பக்கம் சுத்துத ஃபேன், மேல இருந்து பாத்தா எந்தப் பக்கம் சுத்தும்?"

அவர் எண்ணெய் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். பிறகு கழுத்தை வளைத்து அந்த வட்டத்தை அடுத்த பக்கத்திலிருந்து பார்த்தார். மறுபடி போட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிற்று. "அப்பம் நான் உக்காந்திருக்க எடத்துலருந்து திரும்பிப் பாத்தா..."

"ரெண்டுமே இடஞ்சுழி அண்ணாச்சி."

"முருகா! என்ன வின்சென்ட்டு இது?"

கொரைரா பல் குத்துவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தாரா தெரியாது. "சீஃப் சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. எனக்கு அது தோணாமப் போச்சு" என்றார், குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

"ஒண்ணு வலம், ஒண்ணு இடம்னு ஜோடியா போட்டா, எங்க நின்னு பாத்தாலும் ஒண்ணு வலமா இருந்துக்கிட்டே இருக்கும்" என்றேன். இதைச் சொன்னது என் வாய்தான். கப்பல்களை ஓட்டிய வாய்.

"அர்த்தநாரி!" அண்ணாச்சி தொடையில் தட்டினார், வேட்டியில் எண்ணெய் பட்டது. "அதை மொதல்லயே சொல்லப்பிடாதா சீஃபு? கொச்சிக்காரனுக்குப் போனைப் போடுங்க. பெயிண்டை மட்டும் பச்சையா மாத்திரச் சொல்லுங்க, வெள்ளை வேண்டாம்."

முடிந்தது. பேரப்பிள்ளைகள் கேக் வெட்டலாம், ஜெனோவா பாடலாம், யாரையும் யாரும் குற்றம் சொல்லவில்லை. படகுக்குச் சரியான எஞ்சின் கிடைத்துவிட்டது, நான் சொன்ன அதே எஞ்சின். அப்படியும் வாய் கசந்தது. யார்டு ஓரத்துக் குழாயில் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நகத்துக்குள் இருந்தது போகவில்லை. பக்கத்தில் கொரைரா வந்து நின்று, தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். வியாபாரம் போன ஆள் மாதிரியே இல்லை.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல சம்பந்தி. நீங்க வேற மாதிரியும் சொல்லியிருக்கலாம். சொல்லல. அதை நான் மறக்க மாட்டேன்."

துண்டில் அத்தர் வாசனை அடித்தது. அப்படியானால் தெரியும். காலையிலேயே தெரியும், வாங்கும்போதே தெரியும். நான் மேலே என்ன சொல்லப்போகிறேன் என்றுகூடத் தெரிந்துதான் உட்கார்ந்து பல் குத்தியிருக்கிறார். "அந்த ரெண்டு எஞ்சினையும் என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன்.

"தருவைகுளத்துல விசைப்படகுக்காரன் ஒருத்தன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே கெடக்கான். காலைல ஓட்டிக் காட்டுனதை அவனுக்குக் குடுத்துரலாம். அவனுக்கு வலமும் கிடையாது இடமும் கிடையாது, ஓடுனா சரி."

அந்தப் படகுகள் நாள்கணக்கில் கடலில் தங்குகிறவை. ஐந்தாறு பேர் போவார்கள். எஞ்சின் இரைச்சலில் தூங்குவார்கள். "அந்த மூணாவது சிலிண்டர் பக்கம்..." என்று ஆரம்பித்து, துண்டில் விரலைத் துடைத்தேன்.

"இன்னொரு கோட்டு அடிச்சிருவோம் சம்பந்தி" என்றார் கொரைரா தணிந்த குரலில், ஆறுதல் சொல்வதுபோல. "நீங்க நகத்தால கீறுன எடம் நல்லா தெரியுது."

பிறகு போனை எடுத்துக் காதில் வைத்து யாரிடமோ இருடே என்று சொல்லிவிட்டு, என் பக்கம் நீட்டினார். "சமையல்காரன் லைன்ல இருக்கான். மட்டனா, கோழியா?" கையில் துண்டு, எதிரில் போன், தார்ப்பாய்க்குக் கீழே பச்சையாக அது. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள், அடுத்த ஞாயிறு மறுபடி வாசிப்பார்கள், ஜெனோவா முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள், கொரைரா திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், நானும் சிரிப்பேன், எங்கேயோ கடலில் தூங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் விழிப்பார்கள். எலி நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருந்தது.

"மட்டன்" என்றேன்.